பாவு முடிந்தாலும் மாத்திரை முடியாது

1. சுண்டுவிரல்

எங்கள் தறி சாவுக்கு நின்றிருக்கிறது, கல்யாணத்துக்கு நின்றிருக்கிறது, அமாவாசைக்கு மாதாமாதம் நிற்கும். ஒரு விரலுக்காகவும் நின்றிருக்கிறது. என் வீட்டுக்காரருடைய இடது கால் சுண்டுவிரல். செல்போன் தெருவில் ஒன்றிரண்டு பேர் கையில் வந்திருந்த சமயம் அது.

அவர் பெயர் ஏகாம்பரம். புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று எங்கள் அம்மா சொல்லுவாள். ரேஷன் கடையில் சொல்லிச் சொல்லி எனக்கு அந்தக் கூச்சம் போய்விட்டது. எழுதப் படிக்கத்தான் வராதே தவிர எனக்கு வாய் நன்றாக ஓடும். அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஆரணிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அது கோர்வைப் புடவை. அதை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. நெய்கிறவர் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதியை மிதிப்பார். மிதித்தால், நீளவாக்கில் இழுத்துக் கட்டின பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரிந்து வாய் திறக்கும். அந்த வாய்க்குள்தான் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓட வேண்டும். உடல் நாடாவும் இடது கரை நாடாவும் அவருடையது. வலது கரை நாடா என்னுடையது. அவர் மிதிக்காமல் நான் போட முடியாது, நான் போடாமல் அவர் பலகையால் நூலை அடித்து இறுக்கிவிட்டு அடுத்த மிதிக்குப் போக முடியாது. கல்யாணமான புதிதில் இப்படி நாள் பூராவும் ஒட்டி உட்கார்ந்திருப்பது நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

ஒரே தொல்லை அவருடைய பீடி. பட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால் எழுந்து சந்துக்குப் போய்க் குடித்துவிட்டு வருவார். குழிச் சுவரில் ஒரு சின்ன மாடம் உண்டு. பீடிக்கட்டும் தீப்பெட்டியும் அதில் இருக்கும். கை அந்த மாடத்துக்குப் போனால் நான் நாடாவைக் கீழே வைத்துவிடுவேன். காலையில் போகிற தடவையும் மாலையில் போகிற தடவையும் சேர்ந்தால் என் கை எவ்வளவு நேரம் சும்மா இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச காலமாகவே அவருக்கு நடந்தால் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நின்றால் விடும். குழி ஈரம் ஏறிவிட்டது என்று சொல்லி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மிதிக்கும்போது "ஸ்" என்றார். காலை வெளியே எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். சுண்டுவிரல் நுனி கரி அப்பின மாதிரி இருந்தது.

"இன்னாங்க இது? சாயம் கீயம் பட்டுகிச்சா?"

"துடைச்சிப் பாரு மே."

புடவைத் தலைப்பால் துடைத்தேன். போகவில்லை. மனுஷன் அலறினார். அன்றைக்குத் தறி நின்றது.

2. வேலூர்

மறுநாளே வேலூர் பஸ் ஏறினோம். கண்ணமங்கலத்தில் பஸ் நின்றதும் அந்தக் காலோடு இறங்கிப் போய் ஒரு பீடி குடித்துவிட்டு வந்தார். கையில் எனக்கு ஒரு மிளகாய் பஜ்ஜி. என் வாயை அடைக்கத்தான் வாங்கினார் என்று தெரியும். ஆனாலும் பஜ்ஜி சூடாக இருந்ததால் சாப்பிட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. காலைத் தொட்டுத் தொட்டு, முட்டிக்குப் பின்னால், கணுக்கால் பக்கம் என்று நாடி தேடினார்கள். தேடத் தேட அவர்கள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"பீடி குடிப்பீங்களா?"

"எப்பவாச்சும் ஒண்ணுங்க."

"பொய் சொல்றாருங்க. கட்டுக் கட்டா குடிக்கிறாரு" என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இங்க பாருங்கய்யா. பீடிப் புகையால உங்க கால் ரத்தக் குழாய் அடைச்சுக்கிட்டு வருது. ரத்தம் போகாத இடம் செத்துப்போகும். அதுதான் இந்தக் கருப்பு. இன்னிக்கு விரல் நுனி. நீங்க பீடியை விடலைன்னா அப்புறம் பாதம், அப்புறம் முட்டிக்குக் கீழ. விட்டா காலைக் காப்பாத்திடலாம். குறைச்சுக்கிறேன்கிற பேச்சே கிடையாது, முழுசா விடணும்."

"கால் இல்லாம மிதி எப்பிடிங்க மிதிக்கிறது?" என்று கேட்டார் இவர்.

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றார்கள் அவர்கள்.

காலுக்கு வேறு மருந்துகள் கொடுத்துவிட்டு, பீடியை விடுவதற்கென்றே ஒரு மாத்திரை எழுதினார்கள். பீடியை விட மாத்திரை இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முன்னே எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, இல்லை என்றதும்தான் எழுதினார்கள். முதல் சில நாள் காலையில் ஒன்று, அப்புறம் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. படுக்கப் போகிற நேரத்தில் போடக்கூடாது, தூக்கம் கெடும். கடிக்கக் கூடாது, உடைக்கக் கூடாது. மறந்துவிட்டால் அதோடு போகட்டும், அடுத்த வேளையில் இரண்டாகச் சேர்த்துப் போடக்கூடாது, வலிப்பு வந்துவிடும். மூன்று மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.

"மாத்திரை வேலை செய்ய ஒரு வாரம் ஆகும். அது வரைக்கும் பீடியைக் குறைச்சுக்கிட்டே வாங்க. அடுத்த வாரத்துல ஒரு நாள் குறிச்சு, அன்னிலேருந்து தொடவே கூடாது."

இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ இன்னிக்குக் குடிக்கலாங்களா?"

வெளியே வந்து, "நல்ல டாக்டரம்மா மே, கைராசி டாக்டரு" என்று சொல்லிகினே வந்தார். திரும்பி வரும்போதும் கண்ணமங்கலத்தில் இறங்கினார். இந்தத் தடவை எனக்குப் பஜ்ஜி இல்லை. அதுதான் இப்போது டாக்டரே உத்தரவு கொடுத்துவிட்டார்களே.

3. பாவு ஏற்றிய நாள்

டாக்டரம்மா ஒரு நாள் குறிக்கச் சொன்னார்கள் அல்லவா. தறிக்காரன் நாள் குறித்தால் வேறு எதை வைத்துக் குறிப்பான்? அடுத்த வாரம் புதுப் பாவு ஏற்றுகிற நாள் வந்தது. மூன்று புடவை நெய்து முடித்து அறுக்கிற பாவு. மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. கூலிக்கு நெய்யக் கொடுக்கிற முதலாளி வீட்டிலிருந்து வந்த பாவைப் பழைய பாவின் நுனியோடு பிணைத்து ஏற்றி, தறிக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினோம். அவர் அந்தக் கற்பூரத்தின் மேலேயே கையை வைத்துச் சொல்லிவிட்டார்.

"இந்தப் பாவு அறுக்கற வரிக்கும் பீடிய தொடமாட்டேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவில் நாலு வீட்டுக்குத் தேங்காயும் சர்க்கரையும் கொடுத்தேன். அந்த வாக்கில் என்ன ஓட்டை இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் எல்லாரும் நாளைப் பாவால்தான் கணக்குப் போடுகிறவர்கள். "ரெண்டு பாவுக்கு முன்னாடி பொறந்த கொழந்தை" என்றால் எங்களுக்கு வயசு புரியும்.

பீடிக்கட்டு இருந்த மாடத்தைத் துடைத்து, மாத்திரை அட்டையை அங்கே வைத்தார். அது அவருடைய யோசனைதான்.

"கை தானா அங்கதான் போவும். போனா மாத்திரை மாட்டும்" என்றார்.

நல்ல யோசனைதான். காலையில் குழியில் இறங்கி உட்கார்ந்ததும் ஒன்று. சாயங்காலம் குழியை விட்டு ஏறுவதற்கு முன்னால் ஒன்று. நான் ஒரு நாள்கூட ஞாபகப்படுத்தவில்லை.

4. ஒட்டி உட்கார்ந்த கோபம்

பீடியை விட்ட மனுஷனோடு ஒரே வீட்டில் இருப்பதே பெரும் பேஜார். நான் ஒரே தறியில் இருந்தேன். அவர் முழங்கை என் முழங்கையில் இடிக்கும். அதற்கு ஒரு சண்டை. நாடாவை மெதுவாகப் போட்டால் "தூங்கிகினு கீறியா?" வேகமாகப் போட்டால் "இன்னா ஜல்தி, ரயிலுக்குப் போறியா?" நான் மூக்கு உறிஞ்சினால்கூடக் குற்றம்.

மாத்திரையால் வாய் வேறு உலர்ந்துபோகும். அடிக்கடி தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். பட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் புள்ளி விழுந்துவிடும், முதலாளி புடவையைத் தள்ளிவிடுவார். அதனால் சொம்பு என் பக்கத்தில்தான் இருக்கும். அவர் பின்பக்கமாகத் திரும்பி வாயைத் திறப்பார், நான் ஊற்றுவேன். பாவு பிணைக்க வருகிற சரோஜா ஒரு நாள் இதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, புது மாப்பிள்ளைக்கு ஊட்டி வுடறியா?"

"ஆமாண்டி. பல்லு மொளைக்கற வரிக்கும் ஊட்டணும்" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்து புரை ஏறிவிட்டது. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

முதல் புடவையை அறுத்து எடுத்துப் போனோம். முதலாளி எப்போதும் வாசல் வெளிச்சத்தில் புடவையை மடியில் போட்டு, சாண் சாணாக இழுத்துப் பார்ப்பார். அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பாதிப் புடவையில் நிறுத்தினார்.

"ஏகாம்பரம், இன்னாப்பா இது? இங்க அடி கெட்டியா வுழுந்துகீது. நாலு வெரக்கடை தாண்டினா சல்லடையாட்டம் கீது. பட்டை பட்டையாத் தெரியுது பாரு. ரெண்டு பேரு நெய்ஞ்ச மாதிரி கீது."

"ஒரே ஆளுதாங்க மொதலாளி" என்றேன் நான். "கெட்டியா கீற எடம் கோவம். லூசா கீற எடம் பீடி நெனப்பு."

முதலாளி இவரை நிமிர்ந்து பார்த்தார். "பீடிய வுட்டுட்டியா?"

"வுட்டுகினு கீறேனுங்க."

"வுடு, வுடு. நல்லதுதான். ஆனா என் பொடவை மேல கோவத்த காட்டாதே. ஒம் பொண்டாட்டிதான் பக்கத்துல கீறாங்களே."

இப்படிப் பேசுகிறவர்தான், ஆனாலும் புடவையைத் தள்ளாமல் வைத்துக்கொண்டார். இரண்டாவது புடவையில் அடி கொஞ்சம் சமமாக விழுந்தது. மூன்றாவதில் பட்டையே இல்லை. அந்த மாத்திரை என்ன செய்ததோ எனக்குத் தெரியாது, ஆனால் செய்தது. "பீடி வோணும்னு தோணுது, ஆனா தோணிட்டுப் பூடுது" என்று அவரே சொன்னார். விரலில் வலி அடங்கியது. கருப்பு அதற்கு மேல் ஏறவில்லை. நடக்கும்போது நிற்காமல் நடந்தார்.

5. தறி காலி

பாவு முடிந்தது. மூன்றாவது புடவையை அறுத்து முதலாளியிடம் கொடுத்தோம். வழக்கமாக அன்றைக்கோ மறுநாளோ அடுத்த பாவைக் கொடுத்துவிடுவார். அந்தத் தடவை கையை விரித்தார். பட்டு நூல் விலை தாறுமாறாக ஏறிக் கிடந்தது. "கொஞ்சம் எறங்கட்டும், கூப்பிட்டு வுடறேன்" என்றார்.

தறி காலியானால் எனக்கு வீட்டு வேலை உண்டு. பெரணமல்லூரில் என் தங்கை வீட்டில் பிரசவம், அதற்குப் போய் ஒத்தாசையாக இருந்துவிட்டு வந்தேன். ஆம்பிளைகளுக்குத்தான் தறி காலியானால் கைகால் எங்கே வைப்பது என்று தெரியாது. தெருமுனை டீக்கடையில் போய் உட்காருவார்கள். அங்கே நாகப்பன் இருப்பான். இவருக்குச் சின்ன வயசு சிநேகிதன், அவனுக்கும் தறி காலி.

வீட்டில் பீடிக்கட்டு இல்லை. துணியில் வாடை வந்தது. டீக்கடையில் உட்கார்ந்தால் வருகிற வாடைதான் என்று விட்டுவிட்டேன். சந்தேகப்படுவதற்கு எனக்குக் காரணம் இல்லை. கற்பூரத்தின் மேல் கை வைத்த மனுஷன் அல்லவா.

6. வாய் திறக்காத பாவு

வாரக்கணக்கில் காத்திருந்து ஒரு வழியாகப் பாவு வந்தது. கிளிப்பச்சை, சிவப்புக் கரை. சரோஜா பிணைத்துக் கொடுத்தாள். காலையில் உட்கார்ந்தோம்.

முதல் சாண் போவதற்குள் என் நாடா இரண்டு தடவை தட்டி நின்றது. நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டு மறுபடி விட்டேன். மறுபடி தட்டியது. அவர் பக்கத்து நாடா ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கம்தான் ஓரம். வாய் முழுசாகத் திறக்காவிட்டால் ஓரத்தில்தான் முதலில் தெரியும்.

"மிதியை நல்லா அழுத்துங்க."

"அழுத்திகினுதான் கீறேன்."

"வாய் தொறக்கலையே."

"புதுப் பாவு, அப்பிடித்தான் இருக்கும்."

இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குப் புதுப் பாவு எப்படி இருக்கும் என்று தெரியாதா? மிதி மாறி மாறி விழுகிற சத்தத்தைக் கேட்டேன். வலது கால் விழுகிற சத்தம் ஒரு மாதிரி, இடது கால் விழுகிற சத்தம் வேறு மாதிரி. இடது கால் மிதி பாதியில் நின்று திரும்பிக்கொண்டிருந்தது. நான் நாடாவைக் கீழே வைத்தேன்.

"யோவ், பீடி குடிச்சியா?"

அவர் கையில் இருந்த நாடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்பலேருந்து?"

"பாவு அறுத்தப்புறம்தானே மே. நான் சொன்ன வாக்கு அதோட முடிஞ்சிடுச்சி."

"மாத்திரை?"

அவர் திரும்பி மாடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அட்டை அங்கேயே இருந்தது, அதன்மேல் பஞ்சு படிந்து. தறி ஓடாத நாளில் அவர் குழியில் இறங்கவே இல்லை. குழியில் இறங்காதவர் கை மாடத்துக்கு எப்படிப் போகும்? வேண்டுமென்று விடவில்லை. வேலை நின்றது, மருந்தும் நின்றது, அவ்வளவுதான். மருந்து நின்றதும் டீக்கடையில் நாகப்பன் நீட்டினது கைக்கு வந்துவிட்டது.

காலை வெளியே எடுக்கச் சொன்னேன். சுண்டுவிரல் முழுசும் கருத்து, பக்கத்து விரல் நீலம் பாரித்திருந்தது. அவரும் அப்போதுதான் சரியாகப் பார்த்தார் போல. உடனே அட்டையை எடுத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று உள்ளங்கையில் பிதுக்க ஆரம்பித்தார்.

"இன்னா பண்றீங்க?"

"வுட்டதை எல்லாம் ஒண்ணா போட்டுக்கிறேன். ரெண்டு நாளு வேலை நின்னா அப்பால கூடக் கொஞ்சம் உக்காந்து ஈடு கட்டறதில்லியா?"

கையைத் தட்டிவிட்டேன். மாத்திரை குழிக்குள் உருண்டது. "நெசவாய்யா இது, ஈடு கட்டறதுக்கு? அந்தம்மா இன்னா சொன்னாங்க? சேத்துப் போட்டா வலிப்பு வரும்னாங்களா இல்லியா? கால் போதாதுன்னு அது வேற வோணுமா?"

அவர் குழி ஓரத்தில் உட்கார்ந்து காலைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் அழுது அதற்கு முன் பார்த்ததில்லை. திட்ட வைத்திருந்ததை விட்டுவிட்டு, குழிக்குள் இறங்கி உருண்ட மாத்திரையைப் பொறுக்கினேன்.

7. லீவு எடுக்காத ஒன்று

மறுபடி வேலூர். இந்தத் தடவை கண்ணமங்கலத்தில் அவர் இறங்கவில்லை. நான் இறங்கிப் போய் அவருக்கு டீ வாங்கி வந்தேன்.

டாக்டரம்மா காலைப் பார்த்தார்கள். "மாத்திரையை எப்ப நிறுத்துனீங்க?"

"நான் நிறுத்தலீங்க. பாவு முடிஞ்சிடுச்சிங்க" என்றார் இவர்.

அவர்களுக்குப் புரியவில்லை. நான் மாடத்தையும் குழியையும் கற்பூரத்தையும் ஆதியிலிருந்து சொன்னேன். நடுவில் நர்ஸ் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். நான் நிறுத்தவில்லை. டாக்டரம்மா முழுசாகக் கேட்டார்கள்.

"ஞாபகம் வர்ற இடத்துலதான் வெச்சிருக்கீங்க. அது நல்ல யோசனைதான். ஆனா அந்த இடமே லீவு எடுக்குதேம்மா. பீடி ஆசை அதிகமா வர்றது வேலை இல்லாம சும்மா இருக்கிறப்பதான். அன்னிக்குத்தான் மாத்திரை கட்டாயம் வேணும். உங்க வீட்டுல லீவே எடுக்காதது ஒண்ணு சொல்லுங்க, பார்ப்போம்."

நான் யோசிக்கவே இல்லை. "இவரு வயிறுங்க."

டாக்டரம்மா அப்படிச் சிரித்ததை நான் பார்த்ததே இல்லை. இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்பிடி இன்னா துண்றேன் நானு?" என்றார். ஆனால் ஏற்பாடு அதுதான் ஆயிற்று. காலை இட்லிக்கு முன்னால் தட்டில் மாத்திரை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீயும் பொரியும் இல்லாமல் அவரால் இருக்க முடியாது, அதற்கு முன்னால் ஒன்று. மாத்திரை உள்ளே போகாமல் இட்லி தட்டில் விழாது. முதலிலிருந்து மூன்று மாதம். முன்னே சாப்பிட்ட நாளைக் கணக்கில் சேர்க்க முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். பக்கத்து விரலைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் ஒரு பீடி குடித்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து கட்டோடு படுத்துக் கிடந்தார். கிளிப்பச்சைப் பாவு தறியில் அப்படியே நின்றது. முதலாளி வந்து பார்த்தார். "பாவு எங்கியும் ஓடிப் பூடாது. கால்தான் பூடும். மொதல்ல அதப் பாரு" என்றார். அவர் வாயிலிருந்து இப்படி வரும் என்று நான் நினைக்கவில்லை. நாக்குத்தான் அப்படி, மனுஷன் நல்லவர்.

தறி நின்றுகினு இருந்த அத்தனை நாளும் மாத்திரை நிற்கவில்லை. பசி நின்றால்தானே.

8. காக்காய்க்கு முன்னால்

நடுவில் ஒரு அமாவாசை வந்தது. எங்கள் வீட்டில் அமாவாசைக்குக் காலையில் சாப்பாடு கிடையாது. குளித்து, பெரியவர்களுக்குப் படைத்து, காக்காய்க்குச் சோறு வைத்து, அது எடுத்த அப்புறம்தான் மற்றவர்களுக்கு. நான் தட்டை வைத்து அதில் மாத்திரையை வைத்தேன். தட்டைத் தள்ளினார்.

"இன்னிக்கு வெரதம். காக்கா எடுத்தப்புறம் பாத்துக்கலாம்."

"மத்தியானம் ஆவும். அப்பால சாயங்கால மாத்திரை எப்ப போடறது?"

"அதுக்கோசரம் வெரதத்த கெடுக்கச் சொல்றியா? மொதல்ல காக்கா, அப்பால நானு."

"காக்கா பீடி குடிக்கலையே!"

உள்ளே குளித்துக்கொண்டிருந்த எங்கள் மகன்கூடச் சிரித்துவிட்டான். இவர் சிரிக்கவில்லை. தட்டை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு எங்கள் மாமனார் படத்தின் பக்கம் திரும்பி, "நைனா, மன்னிச்சிக்க. உன் மருமவ வுடமாட்டேன்றா" என்று சொல்லிவிட்டு, தண்ணீரோடு விழுங்கினார். சோறு மட்டும் காக்காய் எடுத்த அப்புறம்தான் சாப்பிட்டார். என் மாமனார் கட்டாயம் கோபப்பட்டிருக்க மாட்டார். அவரும் பீடியால் இருமி இருமிப் போனவர்தான்.

9. மறுபடி காலி

மூன்று மாதம் முடிந்தது. வேலூருக்குப் போனபோது டாக்டரம்மா, "போதும், இனிமே இந்த மாத்திரை வேண்டாம்" என்றார்கள். பக்கத்து விரல் நிறம் திரும்பியிருந்தது. எனக்கு அங்கேயே குலவை போடலாம் போல இருந்தது. ஆனால் இவர் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒரு அட்டை குடுத்து அனுப்புங்கம்மா. எதுக்கும் வீட்ல கெடக்கட்டும்."

"பயமா இருக்கா?"

"ஆமாங்க. பாவு இருக்கறப்போ பயமில்ல. காலியா கீறப்போதான்."

"அந்த மூணு மாசத்துல பாதி நாள் நீங்க தறியில உட்காரவே இல்லையே, ஐயா. காலியாத்தானே இருந்தீங்க? அப்ப குடிச்சீங்களா?"

அவர் யோசித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

கிளிப்பச்சைப் பாவை நெய்து முடித்தோம். அப்புறம் மறுபடி தறி காலி. அந்தத் தடவை நான் அவரைக் கண்ணிலிருந்து விடவில்லை. மாத்திரையும் இல்லை, பாவும் இல்லை. சாயங்காலம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார். நான் சோடா உப்பு வாங்கப் போகிற மாதிரி பின்னாலேயே போனேன். வீட்டில் சோடா உப்பு ஒரு டப்பா நிறைய இருந்தது. கடைக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி நின்றுகொண்டேன்.

நாகப்பன் பீடியைப் பற்ற வைத்துகினு, இன்னொன்றை இவர் பக்கம் நீட்டினான்.

"இன்னா ஏகாம்பரம், தறிதான் நின்னு பூடுச்சே. ஒண்ணு இழு."

"தறி நின்னுச்சு. என் காலு நிக்க வோணாம்டா."

"ஒண்ணே ஒண்ணுதானடா."

இவர் செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி பெஞ்சியின் மேல் வைத்தார். சுண்டுவிரல் இருந்த இடம் மழமழவென்று இருந்தது. "இதுவும் ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். நாகப்பன் கை நீட்டியபடியே அதைப் பார்த்தான். அப்புறம் நீட்டின பீடியைக் காதில் செருகிக்கொண்டு, இரண்டு டீ சொன்னான். நான் சோடா உப்பு வாங்காமலே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

இதைத் தறிப் பிள்ளைகளுக்குத்தான் சொல்கிறேன். பீடி, சிகரெட் எதுவானாலும் விடுவதற்கு மருந்து கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்படாதீர்கள். டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் சாப்பிடுங்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள், விட்டதைச் சேர்த்துப் போடாதீர்கள். வேலையோடு சேர்த்து வைக்காதீர்கள், நம் வேலை நிற்கிற வேலை. வீட்டில் எது நிற்காதோ அதோடு வையுங்கள்.

அவர் இன்னும் நெய்கிறார். ஒரு விரல் குறைந்ததால் மிதி இன்னும் லேசாகிவிட்டது என்று வருகிறவர்களிடம் எல்லாம் பீற்றிக்கொள்கிறார். அதெல்லாம் சும்மா. ஆனால் பாவு நன்றாக வாய் திறக்கிறது, ஓரம் வரைக்கும் திறக்கிறது. அது எனக்குத்தான் தெரியும், ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவள் நான்தானே.